இணையதளக் கோப்புகளுக்கு சிடிஎன் அமைப்பது எப்படி: கோப்பின் பெயரிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

சிடிஎன் என்பது தளத்தின் கோப்புகளை வாசகருக்கு அருகில் உள்ள சர்வர்களிலிருந்து தரும் சேவை. அப்படி ஒரு சேவையில் கணக்கு தொடங்கி, தளத்தின் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியை மாற்ற அதிக நேரம் ஆகாது. தொல்லை அதற்குப் பிறகுதான், தளத்தில் முதல் திருத்தம் செய்யும்போது வரும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பைப் புதிதாக ஏற்றியிருப்பீர்கள். ஒருவருக்குப் புதிய தோற்றம் தெரியும், இன்னொருவருக்குப் பழையதே தெரியும், மூன்றாமவருக்குப் புதிய பக்கமும் பழைய சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து பக்கமே கலைந்து கிடக்கும். உடனே பதறிப்போய் எல்லா கேஷையும், அதாவது சேமித்து வைத்த நகல்களையும், அழிப்போம். அப்படியும் சிலருக்குச் சரியாகாது.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கும் வேலைகள் கணக்கு தொடங்கும் முன்பே செய்யவேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் டிஎன்எஸ் கடைசியில்தான் வரும். முதலில் கோப்புகளின் பெயர், பிறகு ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு காலம் கேஷில் இருக்கலாம் என்ற விதி, அதன் பிறகே மற்றவை. இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் எந்த நிறுவனத்தின் சிடிஎன்னை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சிடிஎன் எந்தத் தாமதத்தைக் குறைக்கிறது

ஒளியிழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உங்கள் சர்வருக்கும் வாசகருக்கும் இடையே 10,000 கிலோமீட்டர் இருந்தால், போக 50 மில்லிநொடி, வர 50 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிட அதிகமாகவே ஆகும். இப்போது ஒரு புதிய இணைப்பைப் பாருங்கள்: டிசிபி இணைப்பு ஏற்பட ஒரு சுற்று (ஒருமுறை போய் வருவது), டிஎல்எஸ் 1.3 குறியாக்கம் பேசி முடிக்க இன்னொரு சுற்று, கோப்பைக் கேட்டு முதல் பைட் வர மூன்றாவது சுற்று. ஆக 300 மில்லிநொடி. பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் ஒரு சுற்று கூடும். சர்வரில் எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் இந்த 300 குறையாது, ஏனென்றால் இது தூரத்தால் வரும் தாமதம்.

சிடிஎன் அந்தத் தூரத்தைத்தான் குறைக்கிறது. உலகின் பல ஊர்களில் எட்ஜ் சர்வர்களை வைத்து, உங்கள் கோப்பின் நகலை அங்கே வைத்திருக்கிறது. வாசகரின் வேண்டுகோள் அருகில் உள்ள எட்ஜுக்குப் போகும். நகல் இருந்தால் அங்கிருந்தே பதில் வரும், இது ஹிட். இல்லாவிட்டால் எட்ஜ் உங்கள் மூல சர்வரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளும், இது மிஸ். மிஸ் ஆனாலும் ஓரளவு லாபம் உண்டு. வாசகர் இணைப்பு பேசுவது அருகில் உள்ள எட்ஜுடன்தான், எட்ஜுக்கும் மூல சர்வருக்கும் இடையிலான இணைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே திறந்தே இருக்கும்.

எந்தக் கோப்பை எந்த சர்வரில் வைப்பது, ஒரு சர்வர் விழுந்தால் மற்றவை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்ற கேள்விக்கு எம்ஐடியில் டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் முதலானோர் 1997-ல் கன்சிஸ்டன்ட் ஹேஷிங் என்ற முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து 1998-ல் அகமாய் பிறந்தது. அமேசான் கிளவுட்ஃப்ரன்ட் 2008-ல் வந்தது, கிளவுட்ஃப்ளேர் 2010-ல். இன்று இவற்றோடு ஃபாஸ்ட்லி, பன்னி என்று இன்னும் பல இருக்கின்றன.

உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை ஏற்றுங்கள். முதல் வரி எச்டிஎம்எல் கோப்பு. அது வருவதற்கே இரண்டு நொடி காத்திருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் டேட்டாபேஸிலோ நிரலிலோ இருக்கிறது. படங்களுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் சிடிஎன் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அதேபோல 5 எம்பி படம் சிடிஎன்னிலிருந்து வந்தாலும் 5 எம்பிதான், கைபேசி அவ்வளவையும் இறக்கியே ஆகவேண்டும். படங்களைத் தேவையான அளவுக்குச் சுருக்கி வெப்பி அல்லது ஏவிஐஎஃப் வடிவத்துக்கு மாற்றுவது சிடிஎன்னுக்கு முந்தைய வேலை. வாசகர்கள் எல்லோரும் சர்வர் இருக்கும் ஊரிலேயே இருந்தாலும் பெரிய லாபம் கிடைக்காது.

எச்டிஎம்எல் வேகமாக வந்து, அதன் கீழே உள்ள படம், எழுத்துரு, ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் எல்லாம் தூரத்தில் இருப்பவர்களுக்கு நீண்டு நீண்டு தெரிகிறதா? அப்படியானால் மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேகுவெரி போன்ற நூலகங்களைப் பொது சிடிஎன் ஒன்றிலிருந்து இணைத்தால் வாசகரின் பிரவுசரில் அது ஏற்கெனவே இருக்கும், அதனால் வேகம் கூடும் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. சஃபாரி 2013 முதலே ஒவ்வொரு தளத்துக்கும் கேஷைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. குரோம் 2020-ல் 86-ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021-ல் 85-ஆம் பதிப்பிலும் அப்படியே மாறின. வேறு தளத்துக்காக இறங்கிய ஜேகுவெரி உங்கள் தளத்துக்கு உதவாது. ஆபத்தும் இருக்கிறது: பாலிஃபில் என்ற பொது ஸ்கிரிப்ட் சேவையின் டொமைன் 2024 தொடக்கத்தில் கைமாறியது, ஜூன் மாதம் அதிலிருந்து தீங்கான நிரல் போவது தெரியவந்தது. அதை இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பாதிக்கப்பட்டன. நூலகக் கோப்புகளை உங்கள் கோப்புகளோடு சேர்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த சிடிஎன் அவற்றையும் கொடுக்கும்.

முதல் படி: கோப்புகளின் பெயர்

இங்கேதான் நிதானம் தேவை. உங்கள் கோப்பு மூன்று இடங்களில் நகலாக இருக்கப் போகிறது: மூல சர்வரில், சிடிஎன்னின் பல எட்ஜ்களில், வாசகரின் பிரவுசரில். முதல் இடம் முழுக்க உங்கள் கையில். இரண்டாவதை அழிக்கச் சொல்லி சிடிஎன்னுக்குக் கட்டளை அனுப்பலாம். மூன்றாவதை நீங்கள் தொடவே முடியாது. ஒரு வருடம் வைத்துக்கொள் என்று பிரவுசரிடம் சொல்லிவிட்டீர்கள் என்றால், நாளைக்கு அதே பெயரில் கோப்பை மாற்றினாலும் அந்த வாசகரின் பிரவுசர் உங்களிடம் வந்து கேட்கக்கூட வேண்டியதில்லை.

தீர்வு எளிது: உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறவேண்டும். ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்று வைக்காமல் ஸ்டைல்-48213907.சிஎஸ்எஸ் என்று வையுங்கள். அந்த எண் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஹேஷ். ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹேஷ் மாறும், பெயர் மாறும், பிரவுசருக்கும் எட்ஜுக்கும் அது இதுவரை பார்க்காத புத்தம்புதிய கோப்பு. எதையும் அழிக்கவேண்டிய தேவையே வராது. வைட், வெப்பேக் போன்ற பில்டு கருவிகள் இந்தப் பெயரைத் தாமாகவே வைத்து, எச்டிஎம்எல்லில் உள்ள இணைப்பையும் மாற்றித் தருகின்றன. கருவி எதுவும் இல்லாத சிறிய தளம் என்றால் கையாலேயே ஸ்டைல்-2, ஸ்டைல்-3 என்று வைத்தாலும் போதும், விதி ஒன்றுதான்.

வேர்ட்பிரஸ் முதலிய மென்பொருள்கள் பெயரை மாற்றாமல், கேள்விக்குறி போட்டு அதன் பின்னால் பதிப்பு எண்ணைச் சேர்க்கும். இது பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் சிடிஎன்னின் அமைப்பைப் பொறுத்தது. கிளவுட்ஃப்ரன்ட்டில் கேச்சிங்-ஆப்டிமைஸ்டு என்று ஓர் ஆயத்தக் கொள்கை இருக்கிறது. கேஷில் கோப்பைத் தேடும்போது அது கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பதிப்பு 2 என்று கேட்டாலும் 3 என்று கேட்டாலும் எட்ஜில் இருக்கும் ஒரே நகல்தான் வரும். இந்த முறையை நம்பியிருப்பவர்கள் தங்கள் சிடிஎன் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். கோப்பின் பெயரிலேயே ஹேஷ் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

புதிய பதிப்பை ஏற்றும் வரிசையும் முக்கியம். முதலில் புதிய சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள். அவை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே எச்டிஎம்எல். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: புதிய எச்டிஎம்எல் ஸ்டைல்-59120044 என்ற கோப்பைக் கேட்கிறது, அது இன்னும் வந்து சேரவில்லை, மூல சர்வர் 404 என்கிறது. சில சிடிஎன்கள் அந்த 404-ஐயும் சிறிது நேரம் வைத்துக்கொள்ளும். நீங்கள் கோப்பை ஏற்றி முடித்த பிறகும் அந்த எட்ஜுக்கு வருகிறவர்களுக்குப் பக்கம் நிர்வாணமாகத்தான் தெரியும்.

பழைய கோப்புகளை உடனே நீக்கவும் கூடாது. நேற்றுத் திறந்த பக்கம் ஒரு டேபில் அப்படியே கிடக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தும்போது பழைய ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்றைக் கேட்கும். அது சர்வரில் இல்லை என்றால் பொத்தான் வேலை செய்யாது, வாசகருக்குக் காரணமும் தெரியாது. இரண்டு மூன்று பதிப்புகளாவது பழைய கோப்புகள் கிடக்கட்டும். வட்டில் அவை பிடிக்கும் இடம் அற்பம்.

இரண்டாம் படி: எது எவ்வளவு காலம் இருக்கலாம்

எட்ஜுக்கும் பிரவுசருக்கும் உங்கள் விருப்பத்தைச் சொல்வது கேஷ்-கன்ட்ரோல் என்ற ஹெடர், அதாவது கோப்போடு சேர்ந்து போகும் குறிப்பு வரி. இதை மூல சர்வரிலேயே எழுதுவது நல்லது. சிடிஎன்னின் கட்டுப்பாட்டுப் பலகையிலும் விதி எழுதலாம்தான், ஆனால் நாளைக்கு வேறு சிடிஎன்னுக்கு மாறினால் அதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். சர்வரில் எழுதியது உங்களோடு வரும்.

பெயரில் ஹேஷ் உள்ள கோப்புகளுக்கு: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள். அந்த எண் ஒரு வருடத்தின் நொடிகள். இம்யூட்டபிள் என்பது, வாசகர் ரீலோட் அழுத்தினாலும் இதைத் திரும்பக் கேட்காதே என்று பிரவுசருக்குச் சொல்வது.

எச்டிஎம்எல் பக்கங்களுக்கு: நோ-கேஷ். வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்பதுதான் இதற்கு அர்த்தம். வைக்கவே கூடாது என்றால் அது நோ-ஸ்டோர். இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் அதிகம்.

பெயரை மாற்ற முடியாத கோப்புகள் சில இருக்கின்றன. ஃபேவிகான், ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி, ஆர்எஸ்எஸ் ஓடை, பலரும் லிங்க் கொடுத்துவிட்ட பிடிஎஃப் போன்றவை. இவற்றுக்கு பிரவுசரில் குறைந்த நேரம், எட்ஜில் அதிக நேரம் என்று பிரித்துக் கொடுக்கலாம்: மேக்ஸ்-ஏஜ்=300, எஸ்-மேக்ஸ்ஏஜ்=86400. எஸ்-மேக்ஸ்ஏஜ் பிரவுசருக்கு இல்லை, சிடிஎன் போன்ற பொதுக் கேஷுக்கு மட்டும். பிடிஎஃப்பை மாற்றிய அன்று எட்ஜில் உள்ளதை அழித்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் புதியது கிடைத்துவிடும். சர்வீஸ் ஒர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடி, தளத்தின் வேண்டுகோள்களைக் கையாளும் ஸ்கிரிப்ட்) வைத்திருக்கிறவர்கள் அந்தக் கோப்பை மட்டும் நோ-கேஷில் வையுங்கள். அது எட்ஜில் பழையதாகவே தங்கிவிட்டால் தளம் முழுவதும் பழையதிலேயே சிக்கிக்கொள்ளும்.

லாகின் செய்தவரின் பக்கம், கூடை, கணக்கு விவரம்: பிரைவேட், நோ-ஸ்டோர். இதில் சமரசமே கூடாது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் தளத்தில் தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கப் புதிய கேஷ் விதிகள் போடப்பட்டன. அதில் நேர்ந்த பிழையால் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குக் காட்டப்பட்டது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. இது வேகக் குறைவைப் போல மறுநாள் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை. ஒருவரின் முகவரி இன்னொருவர் கண்ணில் பட்டால் பட்டதுதான். எச்டிஎம்எல்லையும் எட்ஜில் வைக்கும் ஆசை உங்களுக்கு வரும். புதியவர்களுக்கு நான் சொல்வது: முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். படம், எழுத்துரு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் போதும், லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

எந்த ஹெடரும் இல்லாவிட்டால் கேஷ் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்து பிரவுசர் தானே ஒரு காலத்தை ஊகித்துக்கொள்ளும், வழக்கமாக அந்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு. நூறு நாளுக்கு முன் மாறிய கோப்பு பத்து நாள் அப்படியே நிற்கும். அதனால் எல்லா வகைக் கோப்புக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளில் இதை ஆட்-ஹெடர் வரியாக எழுதுவோம். அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உள்ளே உள்ள லொகேஷன் பகுதியில் ஒரே ஓர் ஆட்-ஹெடர் எழுதினாலும், வெளியே எழுதிய ஆட்-ஹெடர்கள் எதுவும் அங்கே செல்லாது. வெளியே பாதுகாப்பு ஹெடர்கள் வைத்திருந்தால் அவற்றை உள்ளேயும் திரும்ப எழுதவேண்டும். இரண்டாவது, கேஷ் ஹெடருக்கு ஆல்வேஸ் என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால் 404 பதிலுக்கும் ஒரு வருட ஆயுள் கிடைத்துவிடும்.

அப்புறம் குக்கி. படத்தையோ சிஎஸ்எஸ்ஸையோ கொடுக்கும்போது உங்கள் சர்வர் கூடவே செட்-குக்கி ஹெடரையும் அனுப்பினால், பல சிடிஎன்கள் அது தனிப்பட்ட பதில் என்று எடுத்துக்கொண்டு நகல் வைக்காது. நிலையான கோப்புகளுக்குக் குக்கி போகாதபடி பாருங்கள்.

மூன்றாம் படி: சேவையில் தளத்தைச் சேர்ப்பது

தளம் முழுவதையும் சிடிஎன் வழியாக விடலாம், அல்லது ஸ்டாட்டிக்.எக்ஸாம்பிள்.காம் போல ஒரு துணை டொமைனை மட்டும் விடலாம். துணை டொமைன் வழியில் லாகின் பக்கங்கள் சிடிஎன் பக்கமே போகாது என்பதால் மனம் நிம்மதியாக இருக்கும். ஆனால் பிரவுசர் இரண்டாவது டொமைனுக்குத் தனியாக இணைப்பு பேசவேண்டும், அந்த மூன்று சுற்றுக் கணக்கு அங்கேயும் உண்டு, அருகில் உள்ள எட்ஜ் என்பதால் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். கிளவுட்ஃப்ளேரில் வழக்கமான முறை தளம் முழுவதையும் விடுவது. அது இயல்பாகவே கோப்பின் நீட்சியைப் பார்த்துப் படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும், எச்டிஎம்எல்லை நாம் சொன்னால் ஒழிய வைக்காது. தொடக்கத்துக்கு இது நல்ல இயல்பு. கிளவுட்ஃப்ரன்ட், ஃபாஸ்ட்லி, பன்னி ஆகியவற்றில் துணை டொமைன் வழி எளிது.

எந்த வழியானாலும் சேவை உங்களிடம் மூல சர்வரின் முகவரியைக் கேட்கும். பொது டொமைனையே மூலம் என்று கொடுத்துவிடாதீர்கள். டிஎன்எஸ் மாறியதும் சிடிஎன் தன்னிடமே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும். மூலத்துக்கென்று தனிப் பெயர் ஒன்று வையுங்கள்.

குறியாக்கம் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும்: வாசகரிலிருந்து எட்ஜ் வரை, எட்ஜிலிருந்து மூல சர்வர் வரை. முதல் பகுதிக்கான சான்றிதழைச் சேவையே தந்துவிடும். இரண்டாவதற்கு உங்கள் சர்வரில் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் போதும். கிளவுட்ஃப்ளேரில் ஃப்ளெக்ஸிபிள் என்ற தெரிவு இரண்டாம் பகுதியை குறியாக்கம் இல்லாமல் விட்டுவிடும். உங்கள் சர்வரோ எல்லோரையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும். திருப்பிய வேண்டுகோள் மறுபடி எச்டிடிபியாகவே வந்து சேரும், மறுபடி திருப்பும், கடைசியில் அளவுக்கு மீறித் திருப்பிவிடப்படுகிறது என்று பிரவுசர் கைவிரிக்கும். ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிளவுட்ஃப்ரன்ட்டில் சான்றிதழை அமேசானின் வட வர்ஜீனியா பிராந்தியத்தில்தான் உருவாக்கவேண்டும். வேறு பிராந்தியத்தில் உருவாக்கினால் பட்டியலில் அது தெரியவே தெரியாது.

கோப்புகள் அமேசானின் எஸ்3 போன்ற கோப்புக் கிடங்கில் இருந்தால், கிடங்கைப் பொதுவாகத் திறந்துவிடத் தேவையில்லை. ஆரிஜின் அக்சஸ் கன்ட்ரோல் என்ற அமைப்பைப் பயன்படுத்தினால் கிளவுட்ஃப்ரன்ட் மட்டுமே உள்ளே நுழைய முடியும்.

நான்காம் படி: டிஎன்எஸ்

மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பதிவின் டிடிஎல்லை, அதாவது அதை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலத்தை, 300 நொடிக்குக் குறையுங்கள். ஏதாவது தவறினால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவர இது தேவை. சேவை தரும் சோதனை முகவரியில் படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் துணை டொமைனை சிடிஎன் தரும் பெயருக்குத் திருப்பும் ஒரு சிநேம் பதிவு, வேலை முடிந்தது.

முன்னொட்டு எதுவும் இல்லாத வெறும் டொமைனுக்கு சிநேம் வைக்க டிஎன்எஸ் விதிகள் இடம்தருவதில்லை. அதே பெயரில் வேறு பதிவுகள் இருக்கவேண்டியிருப்பதுதான் காரணம். பல டிஎன்எஸ் சேவைகள் ஏலியாஸ், ஏநேம், சிநேம் ஃப்ளாட்டனிங் என்ற பெயர்களில் மாற்றுவழி தருகின்றன.

டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றும்படி கேட்கும் சேவை என்றால் பழைய பதிவுகள் அத்தனையும் புதிய இடத்துக்கு வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். தானாக வாசித்து எடுக்கும் வசதி சிலவற்றைத் தவறவிடலாம். எம்எக்ஸ் பதிவும், எஸ்பிஎஃப், டிகேஐஎம் அடங்கிய டிஎக்ஸ்டி பதிவுகளும் போய்விட்டால் தளம் அழகாக ஓடும், மின்னஞ்சல் நின்றுபோகும். டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் நேம்சர்வரை மாற்றும் முன் டொமைன் பதிவாளரிடம் உள்ள டிஎஸ் பதிவை எடுத்துவிட்டு, அதன் டிடிஎல் முடியும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் சரிபார்க்கும் ரிசால்வர்களைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தளமே இல்லாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

நெட்வொர்க் பகுதியில் டிசேபிள் கேஷ் என்பதை டிக் செய்யுங்கள், பிரவுசரின் சொந்தக் கேஷ் குறுக்கே வராது. பக்கத்தை ஏற்றி ஒரு சிஎஸ்எஸ் கோப்பின் பதில் ஹெடர்களைப் பாருங்கள். கிளவுட்ஃப்ளேர் என்றால் சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும். முதல் முறை மிஸ் என்று காட்டும். மறுபடி ஏற்றினால் ஹிட். கூடவே ஏஜ் என்ற ஹெடர் வரும், அது அந்த நகல் எட்ஜில் எத்தனை நொடியாக இருக்கிறது என்பது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஏற்றுங்கள், ஏஜ் 12-லிருந்து 47-க்கு ஏறியிருந்தால் நகல் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மிஸ் வந்தால் செட்-குக்கி போகிறதா, மேக்ஸ்-ஏஜ் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். டைனமிக் என்று வந்தால் அந்த வகைக் கோப்பை வைத்துக்கொள்ள விதி இல்லை என்று அர்த்தம். எச்டிஎம்எல்லுக்கு டைனமிக் வருவதுதான் சரி. கிளவுட்ஃப்ரன்ட்டில் இதே தகவல் எக்ஸ்-கேஷ் என்ற வரியில் இருக்கும்.

உங்களுக்கு ஹிட் வந்தால் உலகம் முழுக்க ஹிட் என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஊர் எட்ஜும் தன் முதல் வாசகருக்கு மிஸ் ஆகும். வாசகர்கள் குறைவான தளத்தில் அடிக்கடி கேட்கப்படாத கோப்புகளை எட்ஜ் தானாகவே வெளியேற்றிவிடும், ஒரு வருடம் என்று நீங்கள் எழுதியிருந்தாலும் சரி. பல எட்ஜ்களுக்கும் மூல சர்வருக்கும் நடுவே ஒரு பொதுக் கேஷ் வைக்கும் வசதியைச் சேவைகள் தருகின்றன. ஆரிஜின் ஷீல்டு, டையர்டு கேஷ் என்று பெயர் மாறும். இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்சோல் பகுதியையும் பாருங்கள். துணை டொமைன் வழியைத் தேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்துருக்கள்தான் முதலில் அடிபடும். வேறு டொமைனிலிருந்து வரும் எழுத்துருவை பிரவுசர் ஏற்க, அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கோப்பு இறங்கும், எழுத்து மட்டும் மாறாது. சுருக்கம் நடக்கிறதா என்று பார்க்க கன்டென்ட்-என்கோடிங் வரியில் பிஆர் அல்லது ஜிஜிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில நாள் கழித்து ஹிட் விகிதத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் விளம்பரக் குறியீடுகளை. யுடிஎம்-சோர்ஸ், எஃப்பிகிளிட் போன்றவை ஒவ்வொன்றும் ஒரே கோப்பைப் புதிய கோப்பாகக் காட்டும். இவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று சிடிஎன்னில் விதி எழுதலாம். அடுத்தது, எதைப் பொறுத்துத் தனித்தனி நகல் வைக்கவேண்டும் என்று சொல்லும் வேரி ஹெடர். அதில் அக்செப்ட்-என்கோடிங் இருப்பது இயல்பு. குக்கி என்றோ யூசர்-ஏஜென்ட் என்றோ இருந்தால் நகல்கள் கணக்கில்லாமல் பெருகி, ஒன்றும் பயன்படாது.

மூல சர்வரில் மாறும் சில விஷயங்கள்

இனி உங்கள் சர்வருக்கு வரும் வேண்டுகோள்கள் எல்லாம் சிடிஎன்னின் ஐபி முகவரிகளிலிருந்து வரும். தவறான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் பிளகின் ஏதாவது இருந்தால், ஒரே ஐபியிலிருந்து இவ்வளவு வேண்டுகோளா என்று அது எட்ஜையே தடுத்துவிடும். அந்த எட்ஜ் வழியாக வரும் வாசகர்கள் அத்தனை பேருக்கும் தளம் மூடிக்கொள்ளும். வாசகரின் உண்மையான ஐபி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் போன்ற ஹெடரில் வரும். சர்வரை அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் வேண்டுகோள் சிடிஎன்னின் ஐபியிலிருந்து வந்தால் மட்டும். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம். சேவைகள் தங்கள் ஐபி பட்டியலை வெளியிடுகின்றன. தளம் முழுவதையும் சிடிஎன் வழியாக விட்டிருந்தால் ஃபயர்வாலில் வலைப் போர்ட்டுகளை அந்தப் பட்டியலுக்கு மட்டும் திறந்தால் நேரடியாக மூல சர்வரைத் தாக்குவதும் கடினமாகும்.

கேஷை அழிப்பது எப்போது

பர்ஜ் அல்லது இன்வாலிடேஷன் என்று எல்லாச் சேவைகளிலும் ஒரு பொத்தான் இருக்கும். பெயரில் ஹேஷ் வைத்திருந்தால் அதை அழுத்தவேண்டிய நாள் அபூர்வமாகத்தான் வரும்: தவறான பிடிஎஃப்பை ஏற்றிவிட்டால், நீக்கவேண்டிய படம் ஒன்று வெளியே போய்விட்டால். அப்போதும் அந்த ஒரு முகவரியை மட்டும் அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு எல்லா எட்ஜும் ஒரே நேரத்தில் உங்கள் சர்வரின் கதவைத் தட்டும். கூட்டமான நேரத்தில் அது சர்வரைச் சாய்க்கக்கூடும்.

சிடிஎன்னே விழுந்தால்

2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லியில் வாடிக்கையாளர் ஒருவர் செய்த, முற்றிலும் முறையான ஓர் அமைப்பு மாற்றம் மென்பொருளில் ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட்டது. வலையமைப்பின் 85 சதவீதம் பிழைப் பதில்களைத் தந்தது. 49 நிமிடத்தில் 95 சதவீதம் திரும்பிவிட்டது என்றாலும் அதற்குள் உலகின் பெரிய செய்தித் தளங்கள் பல இருண்டுவிட்டன. சிறிய தளங்கள் இரண்டு சிடிஎன்களை ஒருசேர வைத்துக்கொள்வது வீண் சிக்கல் என்பது என் கருத்து. அதற்குப் பதில் திரும்பிவரும் வழியைத் தயாராக வைத்திருங்கள்: டிடிஎல் குறைவாகவே இருக்கட்டும், மூல சர்வர் நேரடியாகவும் சரியான சான்றிதழோடு பதில் சொல்லட்டும், ஃபயர்வாலை எப்படித் திறப்பது என்று எழுதி வையுங்கள். கேஷ்-கன்ட்ரோலில் ஸ்டேல்-இஃப்-எரர்=86400 என்று சேர்த்தால், உங்கள் மூல சர்வர் விழும் நேரத்தில் இதை மதிக்கும் சிடிஎன்கள் பழைய நகலையே கொடுத்துச் சமாளிக்கும்.

டிஎன்எஸ்ஸும் சிடிஎன்னும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், அந்த நிறுவனம் முடங்கும்போது அதன் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து முடங்கலாம். அப்போது நேம்சர்வரை மாற்ற டொமைன் பதிவாளரிடம்தான் போகவேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், பதிவுகளை மாற்றும்போதெல்லாம் அந்தக் கோப்பையும் புதுப்பியுங்கள்.